தடுத்து வைக்கப்பட்டோரும் சான்றுகளின் காலமும்

சிறைப்பட்டவன் தன் உரிமைக்காக வழக்குத் தொடுக்கையில், அவனுக்குச் சாதகமான சான்றுகள் அவனைச் சிறைப்படுத்தியவரிடமே இருக்கின்றன. பொலிஸ் தகவற் பதிவேடு, தடுப்புக்காவற் கட்டளை, சட்டவைத்திய அதிகாரியின் அறிக்கை ஆகியவற்றை அவன் எப்போது பெறுகிறான் என்ற வினாவை இலங்கைச் சட்ட வரலாற்றின் வழி நாம் ஆராய முற்படுகிறோம்.

1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, எதிர்த்தரப்பின் ஆவணங்களை வெளிப்படுத்துமாறு வழக்கின் இடையே கோர வழிசெய்தது. காணி வழக்காடிய யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வசதி புதிதன்று. ஆனால் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும் என விதித்தது. அங்கு விசாரணை பெரும்பாலும் சத்தியக்கடதாசிகளைக் கொண்டே நடைபெறுவதால், மனுதாரர் தம் சான்றுகளைத் தொடக்கத்திலேயே முன்வைக்க வேண்டியவராகிறார்.

அடுத்த ஆண்டே இதன் கடுமை வெளிப்பட்டது. 1979 யூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அதே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டமும் நிறைவேறியது. தற்காலிகமென வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன்படி ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்கலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அதைப் பன்னிரண்டாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்ட தரத்தினரிடம் அளித்த குற்றவொப்புதல் சான்றாகும். அது ஏற்கத்தகாதது என்று காட்டும் பொறுப்பு எதிரியினுடையது. அதற்கு வேண்டிய ஏடுகளோ அரசின் கையில். பதினெட்டு மாதச் சிறைக்கு முன் ஒரு மாதக் கெடு எம்மாத்திரம்?

இம்முரண்பாட்டை நீதிமன்றம் முற்றாகக் கவனியாதிருக்கவில்லை. எதிரிசூரிய எதிர் நவரத்தினம் (1985) வழக்கில் கால எல்லை கட்டாயமானதெனினும், மனுதாரர் தவறின்றி நேர்ந்த தாமதம் மன்னிக்கத்தக்கது எனப்பட்டது. நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில் பிரதம நீதியரசர் எஸ். சர்வானந்தா, கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட காலத்திலிருந்தே அம்மாதத்தைக் கணக்கிட வேண்டுமென்றார். 1996ஆம் ஆண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டமும், உரிய காலத்துள் முறையிட்டால் விசாரணைக் காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது. எனினும் இவை கெடுவை நீட்டினவேயன்றி, ஆவணத்தைக் கையில் கொடுக்கவில்லை.

ஆவணம் பிந்துவதன் விளைவை நாவற்குழி காட்டுகிறது. 1996இல் அங்கு இராணுவத்தாற் கைதாகிக் காணாமற்போனதாகக் கூறப்படும் இளைஞர்கள் தொடர்பில், 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கலாயின. இடையே கழிந்தவை இருபத்தொரு ஆண்டுகள். அத்தனை காலத்தின்பின் முகாமின் ஏடுகள் நிலைத்திருக்கும் என்பதற்கு உறவினரிடம் எந்த உறுதியும் இல்லை.

2016ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. ஆயினும் தேசியப் பாதுகாப்பை விதிவிலக்காக்கியதால், தடுப்புக்காவலில் உள்ளோர்க்கே அது எளிதில் மூடிவிடக்கூடியது.

ஆகவே உரிமையை ஏட்டில் எழுதுவது போதாது என்பது எமது முடிபு. கைது நிகழ்ந்த உடனேயே பதிவேடுகளின் பிரதிகளைச் சட்டத்தரணியிடம் ஒப்படைப்பதும், வழக்கு முடியும்வரை அவற்றை அழியாது பேணுவதும் சட்டக் கடமைகளாதல் வேண்டும். சான்று காலங்கடந்து வருமாயின், நீதியும் காலங்கடந்தே வரும்.