விண்மீனின் ஒளியும் சூரியனின் இழுப்பும்

"சார்புக் கோட்பாட்டால் எங்களுக்கு என்ன பயன், சேர்?" உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிப்பிக்கும் என்னிடம் ஆண்டுதோறும் வரும் கேள்வி இது. போரின் இழப்புகளைத் தாண்டிப் படிக்க வந்த பிள்ளைகளின் வீட்டிலிருந்து வரும் கேள்வி என்பதால், ஏனோதானோ என்று பதில் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு விண்மீனின் தூரத்தை இந்தக் கோட்பாடு இல்லாமல் சரியாக அளக்கவே முடியாது என்பதுதான் என் பதில். அதற்கான காரணத்தை இங்கே விளக்குகிறேன்.

தூரத்தை அளக்கும் முறை

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன்களும் இப்படியே சிறிது இடம் மாறித் தெரிகின்றன. இந்த மாற்றத்தின் கோணம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். 1838இல் ஜேர்மனிய வானியலாளர் பெசல் இந்த முறையில் ஒரு விண்மீனின் தூரத்தைக் கணித்தார்.

ஆனால் கோணம் மிகச் சிறியது. ஒரு பாகையில் 3,600 விகலைகள் உள்ளன. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புரொக்சிமா சென்டோரிக்கே இந்தக் கோணம் 0.77 விகலைதான். 3,260 ஒளியாண்டு தூரத்திலுள்ள விண்மீனுக்கு அது ஒரு விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிவிகலை.

பூமியின் காற்றுமண்டலம் ஒளியை அலைக்கழிப்பதால் இந்த அளவீடு விண்வெளிக்குச் சென்றது. ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 1989இல் ஏவிய ஹிப்பார்கொஸ் செய்மதி, சுமார் 118,000 விண்மீன்களை ஏறத்தாழ ஒரு மில்லிவிகலைத் துல்லியத்தில் அளந்தது. அதன் வாரிசான கையா 2013 டிசம்பர் 19இல் ஏவப்பட்டது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் இருந்துகொண்டு, 2025 ஜனவரி வரை வானத்தை அளந்தது. பிரகாசமான விண்மீன்களில் அதன் துல்லியம் ஒரு மில்லிவிகலையின் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குச் செல்கிறது. 1,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஒரு தலைமயிரின் தடிப்பை அளப்பதற்கு இது சமன்.

சூரியன் வளைக்கும் ஒளி

இந்தத் துல்லியத்தில்தான் ஐன்ஸ்டைன் குறுக்கே வருகிறார். சூரியனின் விளிம்பை உரசிவரும் விண்மீன் ஒளி, ஈர்ப்பினால் 1.75 விகலை வளையும் என அவருடைய பொதுச் சார்புக் கோட்பாடு சொல்கிறது. நியூட்டனின் வழியில் கணித்தால் இதில் பாதிதான் கிடைக்கும். 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சொப்ராலிலும் எடுத்த படங்கள் ஐன்ஸ்டைனின் பக்கம் நின்றன.

கையா சூரியனுக்கு 45 பாகையிலும் நெருங்கிய திசையைப் பார்ப்பதில்லை. அங்கேகூட ஒளி சுமார் 10 மில்லிவிகலை வளைகிறது. சூரியனுக்குச் செங்குத்தான திசையிலும் வளைவு 4 மில்லிவிகலை. மேலே சொன்ன விண்மீனின் தூரக் கோணம் ஒரு மில்லிவிகலைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். அளக்க வேண்டியதைவிடத் திருத்த வேண்டியது பல மடங்கு பெரிது. வியாழனின் விளிம்பருகே வரும் ஒளியும் ஏறத்தாழ 16 மில்லிவிகலை வளைவதால், கோள்களின் ஈர்ப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அளப்பவரின் ஓட்டம்

மழையில் சைக்கிள் ஓடுபவர் குடையை முன்னால் சாய்த்துப் பிடிப்பார். நேராக விழும் மழை, ஓடுபவருக்கு முன்னாலிருந்து வருவதுபோலப் படுகிறது. செக்கனுக்கு சுமார் 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனைச் சுற்றும் கையாவுக்கு விண்மீன் ஒளியும் இப்படித்தான். இடமாற்றம் ஏறத்தாழ 20 விகலை வரை செல்லும். இதைச் சரியாக நீக்க சார்புக் கோட்பாட்டின் சூத்திரம் வேண்டும். அத்துடன் செய்மதியின் வேகமும் செக்கனுக்குச் சில மில்லிமீற்றர் அளவுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். அதற்காகவே தரையிலுள்ள தொலைநோக்கிகள் கையாவையே பின்தொடர்ந்தன.

கோட்பாட்டையும் சோதித்தார்கள்

கோட்பாட்டை நம்பித் திருத்திய தரவைக் கொண்டு அதே கோட்பாட்டைச் சோதிக்கலாமா? சோதிக்கலாம். வளைவின் அளவை ஐன்ஸ்டைன் சொன்ன எண்ணில் பூட்டி வைக்காமல், தெரியாத கணியமாக விட்டு, சூரியனிலிருந்து வெவ்வேறு கோணங்களில் எடுத்த அளவீடுகளே அதைச் சொல்லட்டும் என்று பார்த்தார்கள். ஹிப்பார்கொஸ் தரவில் கோட்பாட்டின்படி 1 ஆக இருக்க வேண்டிய எண் 0.997 என வந்தது. வழுவின் எல்லை 0.003.

2020இல் கையா குழு இன்னொன்றையும் காட்டியது. மிகத் தொலைவிலுள்ள சுமார் 16 இலட்சம் குவாசார்களின் நுண்ணிய நகர்வை வைத்து, நம் சூரியக் குடும்பம் முழுவதும் பால்வீதியின் மையத்தை நோக்கி இழுபடும் முடுக்கத்தை அளந்தார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். நம் கடற்றொழிலாளர் படகில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவியும் இதே கோட்பாட்டில்தான் இயங்குகிறது. அதன் செய்மதிக் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்கிரோசெக்கன் வேகமாக ஓடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் வழு பத்துக் கிலோமீற்றரைத் தாண்டும். கடல் எல்லை தெரியாமல் தவிப்பதன் விலை என்னவென்று நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.