குலுக்கிய குடமும் கேட்ட கணக்கும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919ஆம் ஆண்டினது, மற்றது 921ஆம் ஆண்டினது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையை அவை படிப்படியாகச் சொல்கின்றன. மேடைகளிலும் பாடநூல்களிலும் உத்தரமேரூர் மக்களாட்சியின் தொட்டிலாகப் போற்றப்படுகிறது. அந்த ஊருக்குப் பெருமை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாம் பெருமை தேடும் இடம்தான் தவறு. குடவோலை எனப்படும் அந்த முறை தேர்தல் அன்று, குலுக்கல். குலுக்கலைக் குடியாட்சியும் கையாண்டிருக்கிறது, சில குடும்பங்களுக்குள் அடைபட்ட செல்வராட்சியும் கையாண்டிருக்கிறது. ஆகவே ஆளை எப்படி எடுத்தார்கள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆட்சியில் குடிமகனுக்கு என்ன இடம் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. குடத்துக்குள் யார் யார் பெயர் போயிற்று, பதவியிலிருந்து இறங்கியவர் யாரிடம் கணக்கு ஒப்புவித்தார் என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும்.

முதலில் முறையைப் பார்ப்போம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையவர்களின் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலை சேர்த்துக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறுவர் முதல் முதியவர் வரை மகாசபை கூடியிருக்கும். கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் எல்லாரும் காணக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்த பிறகு, அந்தச் சிறுவனே ஓர் ஓலையை எடுத்துத் தருவான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் இன்னோர் ஓலையை மறைத்து வைத்திருக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு என்று எளிதில் ஊகிக்கலாம். அவன் வாசித்ததை நம்பிமார் எல்லாரும் வாசிப்பார்கள். இப்படி எடுத்த முப்பது பேரிலிருந்து சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியே ஓலை எடுத்தார்கள். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்தவர் மூன்று ஆண்டு கழித்தே மறுபடி வர முடியும். ஒவ்வொரு விதியிலும் மனிதர்மீது நம்பிக்கையின்மை தெரிகிறது, அதுவே இதன் பலம். கட்சி கட்டுவதையும் கையூட்டையும் கண்டு சலித்த ஊர் ஒன்றுதான் இத்தனை பூட்டுகளைப் போட்டிருக்கும்.

இதே கருவி ஏதென்ஸில் வேறு வேலை செய்தது. கி.மு. 508-507இல் கிளைஸ்தனிஸ் குடிமக்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்தார். குழுவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட மன்றம் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி அமைக்கப்பட்டது. முப்பது வயதைக் கடந்தவர் அதில் இடம்பெறலாம், வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கூடாது. மன்றத்தின் அன்றாடத் தலைவர் ஓர் இரவும் பகலும் மட்டுமே அப்பதவியில் இருப்பார். கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் அந்த ஒரு நாள் அவர் கையில், மறுநாள் அவர் பழையபடி சாதாரணக் குடிமகன். நீதிமன்றங்களுக்கு ஆண்டுக்கு 6,000 பேர் பட்டியலிடப்பட்டார்கள், வழக்கு விசாரணைக்கு வந்தவர்களுக்குப் படியும் உண்டு. கூலிக்காரன் ஒரு நாள் வருமானத்தை முற்றிலும் இழக்காமல் நீதி வழங்க வர முடிந்தது அந்தப் படியால்தான். அரிஸ்டாட்டில் சீட்டுக் குலுக்குவதைக் குடியாட்சிக்குரியதாகவும், தேர்ந்தெடுப்பதைச் சிலராட்சிக்குரியதாகவும் வகைப்படுத்தினார். இன்றைய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். தேர்தல் என்றால் பெயரும் பணமும் பேச்சுத்திறனும் உள்ளவரே வெல்வார், சீட்டுக்கு அவை தெரியாது என்பது அவர் காலத்தவர் கண்ட உண்மை.

வெனிஸுக்குப் போனால் படம் மாறிவிடுகிறது. அங்கே நகரத் தலைவரான டோஜேயைத் தேர்ந்தெடுக்க 1268இல் ஒரு முறை வகுக்கப்பட்டது. பேரவையிலிருந்து முப்பது பேரைக் குலுக்கி எடுத்து, அவர்களை மறுபடி குலுக்கி ஒன்பதாகக் குறைத்து, அந்த ஒன்பது பேர் நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்து, அந்த நாற்பதைப் பன்னிரண்டாகக் குறைத்து, இப்படியே குலுக்கலும் வாக்களிப்பும் மாறி மாறி நடந்து, கடைசியில் 41 பேர் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கும் உருண்டைகளை எடுத்துக் கொடுத்தது ஒரு சிறுவன்தான். எந்தக் குடும்பமும் எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்துத் திட்டம் தீட்ட முடியாதபடி செய்த இந்த முறை 1797இல் குடியரசு வீழும்வரை நிலைத்தது. ஆனால் 1297இல் பேரவையின் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. அதன்பின் உறுப்பினர் உரிமை பரம்பரைச் சொத்தாகிப்போனது. 16ஆம் நூற்றாண்டில் ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த நகரில் அந்த உரிமை சுமார் 2,500 ஆண்களிடம் இருந்தது. பிரபுக்கள் தமக்குள் சண்டையிடாமல் பங்கிட்டுக்கொள்ளக் கண்ட வழி என்று அந்தக் குலுக்கலைச் சொல்வதே பொருந்தும்.

உத்தரமேரூர் இந்த இரண்டில் எதற்கு அருகில் நிற்கிறது? அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி ஆகியவை ஓலையில் பெயர் ஏறத் தேவை. வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு மட்டும் அரைக்கால் வேலி போதும். நிலத்தை உழுதவர்கள், நெய்தவர்கள், பெண்கள் எவர் பெயரும் அந்தக் குடத்தைத் தொடவில்லை. இந்த வகையில் அது வெனிஸுக்கே அருகில் இருக்கிறது. ஏதென்ஸையும் தப்பவிடக் கூடாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அங்கே வயதுவந்த ஆண் குடிமக்கள் சுமார் 30,000 பேர். பெண்களும் அடிமைகளும் குடியேறிய அயலாரும் வெளியே நின்றார்கள். இருந்தும் ஏதென்ஸின் வட்டத்துக்குள் செருப்புத் தைப்பவரும் படகு வலிப்பவரும் இருந்தார்கள். மற்ற இரண்டிலும் அது நடக்கவில்லை.

பழங்காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பத்தாம் நூற்றாண்டு ஊரார்மீது குற்றம் சுமத்துவது வரலாற்றுக்கு உதவாது. ஆனால் இன்றைய சொல்லான மக்களாட்சியை அவர்களுக்குச் சூட்டுகிற கணத்திலேயே இன்றைய அளவுகோலை நாம்தான் கையில் எடுக்கிறோம். புகழ்வதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, விலக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது கீழே போட்டுவிட முடியாது. கிராமத்தை இந்திய அரசியலின் அடிப்படை அலகாக்கும் யோசனையை அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கடுமையாக எதிர்த்தபோது, அந்த விலக்கப்பட்டவர்களின் நினைவோடுதான் பேசினார்.

இரண்டாம் கேள்விக்கு வரும்போது உத்தரமேரூரின் உண்மையான உயரம் தெரிகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் ஏறாது. அத்தோடு விதி நிற்கவில்லை. அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை மகன், மாமன் மகன், சின்னம்மா பெரியம்மா மக்கள் என்று உறவுமுறையை ஒன்றொன்றாகக் கல்லில் அடுக்கி, அவர்களுக்கும் தடை போட்டிருக்கிறார்கள். ஒருவன் குற்றத்துக்கு உறவினரைத் தண்டிப்பது இன்றைய நீதிக்கு ஒவ்வாது என்பது சரி. ஆனால் ஊர்ப் பணம் எந்த வழியாகக் கசியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏதென்ஸிலும் பதவி முடிந்தவர் முப்பது நாளுக்குள் கணக்கை ஒப்புவிக்க வேண்டும், தணிக்கை முடியும்வரை ஊரை விட்டு வெளியேறக் கூடாது. ஆண்டுக்கணக்கில் படைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெரிக்ளிஸே கி.மு. 430இல் பதவி நீக்கப்பட்டு அபராதம் கட்டினார். வெனிஸில் 1501 முதல், இறந்துபோன டோஜேயின் நடத்தையை விசாரிக்கத் தனி அதிகாரிகள் இருந்தார்கள். தவறு கண்டால் வாரிசுகள் கட்ட வேண்டும். காலத்தாலும் இடத்தாலும் விலகி நின்ற மூன்று ஊர்களும் பதவியைக் கொடுப்பதில் காட்டிய கவனத்தைத் திருப்பி வாங்குவதிலும் காட்டியிருக்கின்றன.

சீட்டில் எடுத்தவர்களால் திறமையாக ஆள முடியுமா என்ற மறுப்பு சோக்ரடீஸ் காலத்திலேயே எழுந்தது. அதற்கு அந்த ஊர்களே விடை வைத்திருந்தன. ஏதென்ஸ் தன் பத்துப் படைத்தலைவர்களைக் கை உயர்த்தித் தேர்ந்தெடுத்தது, குலுக்கவில்லை. உத்தரமேரூரில் சம்வத்சர வாரியத்துக்குத் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணி செய்தவர்களும் கற்றவர்களும் முதியவர்களுமே போக முடிந்தது. அரசன் ஆண்ட நாட்டில் ஊர்ச் சபையை ஆட்சி என்று சொல்லலாமா என்பது இன்னொரு மறுப்பு. முறை வகுக்கப்பட்ட இரண்டு முறையும் சோழ அரசின் அதிகாரி உடனிருந்தார் என்பதைக் கல்வெட்டே சொல்கிறது. இருந்தாலும் ஏரியைத் தூர்வாருவதும் பொன்னின் மாற்றுப் பார்ப்பதும் சபையின் கையில்தான் இருந்தன. விவசாயிக்கு ஆட்சி என்பது பெரும்பாலும் அந்த ஏரிதான். ஆனால் எதிர்த்துப் பேசும் உரிமை எங்கும் ஒன்றுபோல் இல்லை. ஏதென்ஸின் பிநிக்ஸ் குன்றில் கூடிய அவையில் எந்தக் குடிமகனும் எழுந்து பேசலாம். திருநெல்வேலிப் பக்கம் மானூரில் உள்ள பாண்டியர் காலக் கல்வெட்டோ, சபையில் எதற்கெடுத்தாலும் மறுத்துக்கொண்டிருப்பவருக்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது.

1951-52இல் சுமார் 17 கோடி இந்தியர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றார்கள். உத்தரமேரூரும் வெனிஸும் ஏதென்ஸும் செய்யாததை அந்தப் பட்டியல் செய்தது. யார் பெயர் என்ற முதல் கேள்விக்கு அதைவிட நல்ல விடை வரலாற்றில் அரிது. இரண்டாம் கேள்விக்கு நம்மிடம் உள்ள விடை அத்தனை உறுதியானதன்று. தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாத வேட்பாளரை மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இடமுண்டு. அந்தத் தகுதி நீக்கம் பதவியைப் பிடிக்கச் செலவிட்ட பணத்துக்கான கணக்கைப் பற்றியது. உத்தரமேரூர் கேட்டது பதவியில் இருந்தபோது கைமாறிய ஊர்ப் பணத்தின் கணக்கை. 73ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபின், அந்தக் கணக்கைக் கேட்கும் இடம் கிராம சபை. அதில் ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர், உழுபவரும் நெய்பவரும் பெண்களும் உட்பட. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் உள்ளிட்ட நாள்களில் தமிழகத்தில் அது கூடுகிறது. வரவு செலவு அறிக்கை அங்கே வைக்கப்பட வேண்டும், வந்திருப்பவர்கள் அதன் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்கலாம். பராந்தகன் காலத்து ஊரார் தம் குடத்துக்குள் விடாதவர்களின் வழிவந்தவர்கள் கையில், அந்த ஊரார் மிகவும் மதித்த அதிகாரம் இப்போது இருக்கிறது.