தங்கவயல் நமக்குக் கூறும் செய்தி



கம்மாபுரத்தைச் சூழ்ந்த கிராமங்களில் நம்மவர் இருவர் சந்திப்பின், மழையைப் பற்றிய பேச்சுக்கு அடுத்தபடியாகச் சுரங்கத்தைப் பற்றிய பேச்சே எழுகின்றது. 1956-ம் வருஷத்தில் ஏற்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பலருக்கு வேலை தந்தது. பலருடைய நஞ்சை புஞ்சைகளையும் கொண்டது. அங்கே 600 மெகாவாட் சக்தி வாய்ந்த முதல் அனல்மின் நிலையம் ஆயுள் முடிந்து 2020-ல் நிறுத்தப்பெற்றது. சுரங்கங்கள் இன்றும் நடைபெறுகின்றன. ஆயினும் பூமியிலுள்ள பொருள் ஒருநாள் தீர்ந்தே போகும். அப்பால் குடிகள் யாது செய்வர்? இவ்வினாவிற்கு விடை, நம்மவர் குடியேறி வாழ்ந்த கோலார் தங்கவயலின் சரித்திரத்தில் உள்ளது.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கினர். வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களினின்று ஆதிதிராவிட மக்கள் பல்லாயிரவர் பிழைப்பை நாடிச் சென்றனர். 1902-ல் சிவசமுத்திரத்தினின்று சுமார் 90 மைல் கடந்து சுரங்கத்திற்கு மின்சாரம் வந்தது. தொழிலாளரோ மூங்கில் தட்டி வீடுகளில் நெருங்கி வசித்தனர். பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கொடிய வெப்பத்தில் உழைத்தனர். பாறை வெடித்து மாண்டோர் பலர்; கற்றூள் நுரையீரலிற் படிந்து இளைத்து மாண்டோர் அதனினும் பலர்.

இத்துணைத் துன்பத்திலும் அவர்கள் அறிவை மறந்தாரில்லை. அயோத்திதாச பண்டிதர் காலத்திலேயே மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் கண்டனர். பண்டிதர் 1914-ல் மறைந்தபின், அவரது 'தமிழன்' பத்திரிகை ஜி. அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலினின்று மீண்டும் வெளிவந்தது. 1930-ல் தொழிலாளரிடம் கைரேகை பதியும் விதி வந்தபோது, தம்மைக் குற்றவாளிகளைப்போல் நடத்தலாகாதென்று ஒன்றுபட்டு வேலைநிறுத்தஞ் செய்தனர்.

2001-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பெற்றது. அவ்வூர் அன்றே அழிந்துவிட்டதா? இல்லை. சயனைட் மேடுகளினின்று புழுதி பறந்தது; சம்பளம் நின்றது; நிலுவைக்கும் குடியிருந்த வீட்டிற்கும் நெடுநாள் வழக்காடவேண்டியதாயிற்று. ஆயினும் ஆடவரும் பெண்டிரும் விடியுமுன் எழுந்து, சோற்றுப் பாத்திரத்துடன் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்பலாயினர். அவ்வுழைப்பால் பிள்ளைகள் படித்தனர், ஊரும் நின்றது.

அன்பர்காள்! தங்கவயலாரைத் தாங்கியது தங்கமன்று. சங்கமும் பள்ளியும் படிப்பகமுமே தாங்கின. அவை சுரங்கம் செழித்திருந்த காலத்திலேயே நாட்டப்பெற்றவை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். பஞ்சம் வந்தபின் கிணறு தோண்டலாகுமா? ஆகையால் நிலத்திற்கு ஈடாக வந்த பணத்தை விருந்திலும் விழாவிலும் கரைத்துவிடாமல் புத்திரர் புத்திரிகளின் கல்விக்கு வைப்பீர்களாக. நிலப்பத்திரங்களைப் பத்திரமாகக் காப்பீர்களாக. கிராமந்தோறும் ஒரு படிப்பகம் காண்பீர்களாக. சுரங்கம் ஓடும் இந்நாளே அதற்குத் தக்க நாள் என்பது எமது விண்ணப்பம்.