மன்னனின் செவியும் மாலிக் காபூரும்

தமிழக வரலாற்றைப் பயின்றோர் மாலிக் காபூர் என்னும் பெயரை மறவார். சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காகப் போரிட்டுக் கொண்டிருந்த வேளையில், 1311ஆம் ஆண்டு மதுரை வரை படை நடத்தி வந்து, பாண்டி நாட்டின் செல்வத்தைக் கவர்ந்து சென்ற தில்லித் தளபதி அவன். பாடநூல்கள் அவனைப் படைத்தலைவனாக மட்டுமே காட்டுகின்றன. ஆயினும், தன் வாழ்வின் இறுதி மாதங்களில் வாளினும் கூரியதொரு கருவியை அவன் கையாண்டான். நோயுற்ற மன்னனின் செவியே அக்கருவி.

1299ஆம் ஆண்டில் தில்லிப் படை குஜராத்தைத் தாக்கியபோது, கம்பாத் துறைமுகத்தில் பிடிபட்ட அடிமை காபூர். ஆயிரம் தினார் விலை பெற்றவன் என்னும் பொருளில் அவனை ‘ஹசார் தினாரி’ என்று அழைத்தனர். தேவகிரி, வாரங்கல், துவாரசமுத்திரம் ஆகிய இடங்களில் பெற்ற வெற்றிகள் அவனைச் சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் அடுத்த இடத்திற்கு உயர்த்தின. அவனுடைய ஆற்றலில் எவருக்கும் ஐயமில்லை. அவ்வாற்றல் பின்னர் எதற்குப் பயன்பட்டது என்பதே நாம் எண்ண வேண்டியது.

அலாவுத்தீன் தொடக்கத்தில் நல்லுரை கேளாதவன் அல்லன். புதிய சமயம் ஒன்றை நிறுவவும், அலெக்சாந்தரைப் போல உலகை வெல்லவும் அவன் ஒருகால் எண்ணினான். அவையோர் அஞ்சி வாய் மூடியிருக்க, தில்லி நகரின் கொத்துவால் அலாவுல் முல்க் மட்டும் அவ்விரண்டும் தகா என எடுத்துரைத்தார். சுல்தான் சினந்தானில்லை, அவ்வறிவுரையை ஏற்று அவருக்குப் பரிசும் அளித்தான். இதனை எழுதி வைத்த ஜியாவுத்தீன் பரணி அந்தக் கொத்துவாலின் உறவினர்.

பின்னர் அடுத்தடுத்து எழுந்த கிளர்ச்சிகள் சுல்தானின் மனத்தை மாற்றின. எங்கும் ஒற்றர்கள் அமர்த்தப்பட்டனர். பிரபுக்கள் தம் இல்லங்களில் கூடிப் பேசுதல் ஆகாது. அரசனின் இசைவின்றி அவர்கள் குடும்பங்களுக்குள் மணவுறவு கொள்ளுதலும் ஆகாது என்று ஆணை பிறந்தது. கிளர்ச்சிகள் அடங்கின. ஆனால் அவற்றோடு சேர்ந்து உண்மை பேசும் நாவுகளும் அடங்கின. அனுபவம் மிக்க அதிகாரிகள் பலர் விலக்கப்பட்டனர். இறுதி ஆண்டுகளில் நோய் முற்றிச் சுல்தான் படுக்கையில் வீழ்ந்தபோது, தக்காணத்திலிருந்து தில்லிக்கு வந்து சேர்ந்த காபூரின் சொல் ஒன்றே அவன் செவியை எட்டியது.

அச்சொல்லுக்கு முதற்பலியானவன் குஜராத்தின் ஆளுநர் ஆல்ப் கான். சமணர் நினைவில் கொள்ளத்தக்க பெயர் இது. சுவேதாம்பரரின் பெருந்தலமான சத்துருஞ்சய மலைக் கோயில்கள் 1313ஆம் ஆண்டு தில்லிப் படையினரால் சேதமுற்றன. அவற்றைப் புதுப்பிக்க விரும்பிய வணிகப் பெருமகன் சமரா ஷா, ஆல்ப் கானை அணுகி ஆணை பெற்றார். 1315இல் ஆதிநாதரின் திருவுருவம் மீண்டும் அங்கு நிறுவப்பெற்றது. இந்நிகழ்ச்சியை விரித்துரைக்கும் கக்க சூரியின் ‘நாபிநந்தன ஜினோத்தார பிரபந்தம்’ 1336இல் இயற்றப்பட்ட நூல். ஆல்ப் கானை நன்மதிப்போடு குறிப்பிடுவது.

ஆல்ப் கான் பட்டத்திற்குரிய இளவரசன் கிஸ்ர் கானின் தாய்மாமன், மாமனாரும் ஆவான். இவர்கள் தன் வழியில் நிற்பதைக் காபூர் உணர்ந்தான். அவர்கள் மன்னனின் உயிருக்கே சூழ்ச்சி செய்கின்றனர் என்று நோயாளியிடம் ஓதினான். ஐயம் என்னும் விதை அம்மனத்தில் முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. காபூர் அதற்கு நீர் வார்த்தான். ஆல்ப் கான் அரண்மனையிலேயே வெட்டப்பட்டான். கிஸ்ர் கான் குவாலியர் கோட்டையில் சிறைப்பட்டான். ஆளுநனை இழந்த குஜராத் கிளர்ந்தெழுந்தது.

1316 சனவரித் தொடக்கத்தில் அலாவுத்தீன் இறந்தான். சிறுவன் ஒருவனை அரியணையில் அமர்த்திய காபூர், ஆட்சியைத் தன் கையில் வைத்துக்கொண்டான். மூத்த இளவரசர்களின் கண்களைப் பறிக்கச் செய்தான். அவன் அதிகாரம் ஏறத்தாழ 35 நாள்களே நிலைத்தது. மறைந்த சுல்தானின் மெய்க்காப்பாளர் சிலரே அவனைக் கொன்றனர். அடுத்து அரியணை ஏறிய முபாரக் ஷாவும் தந்தையின் வழியில் குஸ்ரூ கான் என்னும் ஒருவனையே முற்றும் நம்பி, 1320இல் அவனாலேயே மாண்டான். கில்ஜி மரபு அத்தோடு முடிந்தது.

பரணி தம் நூலை முடித்தது இந்நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து. தாழ்ந்த பிறப்பினர் உயர்வதை அவர் பொறுத்துக்கொள்ளாதவர்; காபூரின் கொடுமைக்கு அவன் அடிமைப் பிறப்பைக் காரணம் காட்டுவது போல எழுதுவார். அதனை நாம் ஏற்க வேண்டுவதில்லை. அடிமைகளாய் வாங்கப்பட்டுப் பின்னர் அறிவோடு நாடாண்டவர்களையும் அதே தில்லி கண்டது. கேடு பிறப்பில் இல்லை. பல வாயில்களை அடைத்து ஒன்றை மட்டும் திறந்து வைத்த மன்னனின் செயலில் அதன் பாதி இருந்தது.

கட்டியங்காரனிடம் ஆட்சியை ஒப்படைத்து, நல்லமைச்சரின் எச்சரிக்கையைப் புறக்கணித்த சச்சந்தனின் முடிவைச் சீவக சிந்தாமணியில் பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. காப்பியம் கற்பித்ததை வரலாறு தில்லியில் மெய்ப்பித்தது. வஞ்சக அமைச்சன் எக்காலத்தும் தோன்றுவான். அவனைத் தடுக்கும் வல்லமை அலாவுல் முல்க் போன்று முகத்துக்கு நேரே மறுத்துரைப்போரிடமே உண்டு. நாடாயினும், ஊராயினும், ஓர் அறநிலையத்தின் அவையாயினும், தலைமை ஏற்போர் அத்தகையோரைத் தம் அருகே வைத்துப் போற்றுதல் வேண்டும். அவர்களை இழந்த பின்னர், கோட்டையும் ஒற்றரும் காப்பாற்றா என்பதற்கு அலாவுத்தீனின் இறுதி நாள்களே சான்று.