ஐந்து டாலர் பாவாடை

நியூயார்க்கில் ஒரு ஷோரூம். அங்கே ஒரு கூடையில் கிடந்த துணிகளுக்கு நடுவே வெள்ளை நெட் துணியில் அடுக்கடுக்காகத் தைத்த குட்டைப் பாவாடை ஒன்று இருந்தது. பாலே நடனப் பெண்கள் கட்டும் டூட்டு. விலை ஐந்து டாலர். அதைக் கையில் எடுத்தவர் பட்ரீஷியா ஃபீல்ட். கிரீனிச் வில்லேஜ் பகுதியில் வெகுகாலம் துணிக்கடை நடத்தியவர். எதை எதோடு சேர்த்து உடுத்தினால் எடுப்பாக இருக்கும் என்று கண்ணாலேயே அளந்துவிடுவார். எச்பிஓ தொலைக்காட்சிக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ‘செக்ஸ் அண்ட் தி சிட்டி’ தொடருக்கு உடை தேடும் வேலை அப்போது அவரிடம் இருந்தது.

தொடருக்கு மூலம் ஒரு பத்திரிகைப் பத்தி. கேண்டஸ் புஷ்னல் 1994 முதல் ‘நியூயார்க் அப்சர்வர்’ இதழில் எழுதியது. தன் கதைகளைத் தானே சொல்லக் கூச்சமான இடங்களில் கேரி பிராட்ஷா என்ற தோழியை உருவாக்கி அவள் தலையில் ஏற்றினார். இருவர் பெயருக்கும் முதலெழுத்துகள் ஒன்றே. அந்தக் கேரி திரைக்கு வரும்போது முகப்புக் காட்சியில் என்ன உடுத்துவாள் என்பதுதான் கேள்வி.

தொடரை உருவாக்கிய டேரன் ஸ்டாருக்கு டூட்டுவில் நம்பிக்கை இல்லை. முப்பது வயதைக் கடந்த பத்திரிகையாளர் பட்டப்பகலில் பாலே பாவாடையோடு மன்ஹாட்டன் தெருவில் நடப்பாளா? நியாயமான சந்தேகம். ஃபீல்டின் கணக்கு வேறு. தொடர் வெற்றி பெற்றால் இந்த முகப்புக் காட்சி ஆண்டுக்கணக்கில் வாராவாரம் ஓடும். அந்தப் பருவத்து ஃபேஷனில் ஒரு கவுனைப் போட்டால் இரண்டே வருடத்தில் பழசாகிவிடும். எந்த ஃபேஷனிலும் சேராத ஒன்றுக்கு அந்த ஆபத்து இல்லை. கேரியாக நடித்த சாரா ஜெசிகா பார்க்கரும் டூட்டுவின் பக்கம் நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று நீல உடையிலும் ஒரு முகப்பைப் படமெடுத்து வைத்தார்கள். அது தேவைப்படவில்லை.

டூட்டு விளையாட்டுப் பொருளாகப் பிறந்ததல்ல. 1832-இல் பாரிஸில் ‘லா சில்ஃபீட்’ பாலேயில் மரீ தாக்லியோனி மெல்லிய வெள்ளைப் பாவாடையில் ஆடியபின் அது நடனப் பெண்களின் அடையாளமானது. அந்தப் பெண்கள் மேடையில் உழைத்துப் பிழைத்தவர்கள். பாவாடை அவர்களது வேலை உடுப்பு. மேடையில் எரிந்ததோ கேஸ் விளக்கு. தீப்பிடிக்காமலிருக்கத் துணியை ரசாயனத்தில் முக்கியெடுக்கும் முறை இருந்தது. ஆனால் துணி விறைத்து மங்கிப்போகும் என்பதால் ஆடுபவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எம்மா லிவ்ரி அப்படி மறுத்தவர்களில் ஒருவர். 1862-இல் ஒத்திகையின்போது அவருடைய பாவாடையில் தீப்பற்றியது. எட்டு மாதம் வலியில் கிடந்து, மறு ஆண்டு இருபது வயதில் இறந்தார். கேரியின் டூட்டுவை வெறும் செல்லக் கிறுக்கு என்று தள்ளுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லிவ்ரி நினைவுக்கு வருகிறார். தன் தொழிலில் தான் எப்படித் தெரியவேண்டும் என்று தானே முடிவு செய்த பெண் அவர்.

1998 ஜூன் 6 அன்று தொடர் தொடங்கியது. முகப்பு ஒரு நிமிடம்கூட இல்லை. கேரி தெருவில் நடக்கிறாள். அவளது படம் பெரிதாக ஒட்டிய விளம்பரத்தோடு பேருந்து ஒன்று வருகிறது. அதே பேருந்தின் சக்கரம் தேங்கிய நீரை அவள்மேல் வாரியடிக்கிறது. சொந்தக் காலில் நின்று பெயர் வாங்கிய பெண்ணுக்குப் பெருமையும் அவமானமும் ஒரே நொடியில் வருகின்றன. காதலன் எவனும் அங்கே இல்லை. கைகொடுக்க யாரும் ஓடிவரவில்லை. காதல் தொடர் என்று பெயரெடுத்த ஒன்று இப்படித் தொடங்கியதை நான் பெரிதாக மதிக்கிறேன். நனைய வேண்டிய உடை ஒன்று போதாது என்பதால் அதே அச்சில் வேறு பாவாடைகளும் தயாராயின; மொத்தம் ஐந்து.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு முகப்பிலிருந்த இரட்டைக் கோபுரங்களை எடுத்துவிட்டு எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை வைத்தார்கள். நகரமே மாறியது. பாவாடை அப்படியே இருந்தது.

அந்தப் பாவாடைக்காரியிடம் பணம் இருந்ததா என்றால், இல்லை. நான்காவது சீசனில், 2002-இல் வந்த ஓர் அத்தியாயம் அதைத்தான் பேசுகிறது. கேரியின் திருமண நிச்சயம் முறிகிறது. குடியிருக்கும் வீட்டைச் சொந்தமாக வாங்கவேண்டும், இல்லையென்றால் காலி செய்யவேண்டும். வங்கி கைவிரிக்கிறது. வக்கீல் தோழி மிராண்டா கணக்குப் போடுகிறாள்: ஜோடி 400 டாலர் என்று நூறு ஜோடி செருப்பு வாங்கினால் 40,000 டாலர், வீட்டுக்கான முன்பணம் அங்கே போயிருக்கிறது. பழைய காதலன் பிக் ஒரு காசோலை தருகிறான். கேரி அதைக் கிழித்துப் போடுகிறாள். கடன் தருவதாக வாயே திறக்காத இன்னொரு தோழி சார்லட்டிடம் கோபித்துக்கொள்கிறாள். உன் பண விவகாரத்தைச் சரிசெய்வது என் வேலை இல்லை என்று சார்லட் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். கேட்கக் கசப்பாக இருந்தாலும் அதில் தப்பில்லை. பிறகு அவளே, முறிந்த தன் மணவாழ்வின் நிச்சய மோதிரத்தைக் கழற்றி, கடனாக வைத்துக்கொள் என்று கொடுக்கிறாள். கேரி வாங்கிக்கொள்கிறாள். காதலன் பணம் வேண்டாம், தோழி மோதிரம் வேண்டும். 94 அத்தியாயங்களில் இந்தத் தொடர் எதைப் பற்றியது என்று கேட்டால் நான் இந்த ஒன்றைத்தான் காட்டுவேன்.

குறை இல்லாமல் இல்லை. கேரியும் அவளது மூன்று தோழிகளும் வெள்ளையர்கள். இத்தனை இனத்தவர் நெருக்கியடித்து வாழும் நகரில் அவர்களது மேசைக்கு வேறு யாரும் வந்து உட்காரவில்லை. முந்தைய ஆண்டுகளிலேயே ‘லிவிங் சிங்கிள்’ தொடர் புரூக்ளினில் வேலைபார்க்கும் கறுப்பினத் தோழிகளின் கதையைச் சொல்லிவிட்டது. அதற்கு இவ்வளவு வெளிச்சம் விழவில்லை.

2004 பிப்ரவரியில் தொடர் முடிந்தது. 2008 திரைப்படத்தில் கேரி அலமாரியைக் காலி செய்யும்போது டூட்டு மறுபடி வெளியே வருகிறது. ஒவ்வொரு உடையாகப் போட்டுக் காட்டுகிறாள். வைத்துக்கொள், தூக்கிப்போடு என்று எழுதிய அட்டைகளைத் தோழிகள் உயர்த்துகிறார்கள். எது தங்கவேண்டும் என்ற தீர்ப்பு அங்கேயும் தோழிகளுடையது.

2024 ஜனவரியில் ஐந்து டூட்டுகளில் ஒன்று ஜூலியன்ஸ் ஏல நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தது. 8,000 முதல் 12,000 டாலர்வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 52,000 டாலருக்கு. மிராண்டா கூட்டிச் சொன்ன நூறு ஜோடிச் செருப்பின் விலையைவிட 12,000 டாலர் அதிகம்.