குந்தா: மலைநீர் மேலாண்மையும் துப்புரவும்

குந்தா என்பது நீலகிரி மாவட்டத்தின் ஆறு வட்டங்களுள் ஒன்று. மாவட்டத்தின் தென்மேற்கில் கேரள எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. மஞ்சூர் இதன் தலைமையிடம். இதே பெயரில் ஒரு மலைத்தொடரும், ஓர் ஆறும், ஓர் அணையும், ஒரு பெரிய நீர்மின் திட்டமும் உள்ளன. படகர் மக்கள் தங்கள் நாட்டை நான்கு சீமைகளாகப் பிரித்து வழங்குவர். பொறங்காடு, தொதநாடு, மேக்குநாடு ஆகியவற்றுடன் குந்தெ சீமை நான்காவது. சமவெளியில் வாழ்பவர்களுக்குக் குந்தா என்றால் மின்சாரம். அங்கேயே வாழ்பவர்களுக்கு அது முதலில் தண்ணீர். ஒரு சிறிய மலை வட்டத்தின் தண்ணீர் எத்தனை பேருடைய பிழைப்பைத் தாங்குகிறது, அந்தத் தண்ணீர் பிறக்கும் இடத்திலேயே அது எப்படித் தட்டுப்பாடாகவும் ஆகிறது என்பதற்குக் குந்தாவின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

மழையும் மலையும்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து முதலில் மோதும் உயரமான சுவர்களில் குந்தா மலைத்தொடரும் ஒன்று. அதனால் ஊட்டி, கோத்தகிரி பக்கம் தூறலாக இருக்கும் நாளில்கூட அவலாஞ்சி, மேல் பவானி பகுதிகளில் மழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் அதிகமான மழை பதிவானது. சென்னை ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாளில் பெய்துவிட்டது. அவலாஞ்சி என்ற பெயரே ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் அங்கு நிகழ்ந்த பெரிய மண்சரிவினால் ஏற்பட்டது என்பர்.

இவ்வளவு மழையும் உடனே ஓடிவிடாமல் தடுத்தவை சோலைக்காடுகளும் புல்வெளிகளும். மலைமடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலை, அதைச் சுற்றி மேடுகளில் புல்வெளி என்பதே இந்த மலையின் இயற்கை அமைப்பு. புல்வேர்களும் கறுத்த மண்ணும் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. மார்ச் மாதத்தில் ஓர் ஓடை ஓடுகிறதென்றால், அதில் வருவது முந்தைய ஆண்டின் மழை.

ஆங்கிலேயர் காலத்திலும் விடுதலைக்குப் பிறகும் இந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி ‘வீண் நிலம்’ என்று கருதப்பட்டு, அங்கு கற்பூர மரமும் சீகை மரமும் நடப்பட்டன. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பின்னர் ஆலைகளுக்கு மரக்கூழுக்கும் அவை பயன்பட்டன. அதற்கான விலையைத் தண்ணீரில் கொடுக்க வேண்டியிருந்தது. 1954இல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்ட மண்வள ஆராய்ச்சி மையம், கிளன்மார்கன் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் நட்டு, இரண்டிலிருந்தும் வரும் நீரைப் பல ஆண்டுகள் அளந்தது. மரம் நட்ட பகுதியில் முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டிய பின் தழைத்த இரண்டாம் சுற்றில் இழப்பு சுமார் 25 சதவீதமாக உயர்ந்தது. ‘மரம் நட்டால் மழை வரும்’ என்று மட்டுமே படித்து வளர்ந்த மாணவர்கள் இந்த ஆய்வை அவசியம் அறிய வேண்டும். எந்த மரம், எந்த நிலத்தில் என்பதைப் பொறுத்தே விளைவு அமையும்.

பழைய ஒழுங்குமுறை

அணைகளுக்கு முன்பும் இம்மலையில் நீர் மேலாண்மை இருந்தது. தோடர்களின் மந்துகளில் பால் கோயிலுக்கு எடுக்கும் நீருக்கு ஒரு துறையும், வீட்டுக்கு எடுக்கும் நீருக்கு வேறொரு துறையும் தனித்தனியாக இருந்ததை மானிடவியல் அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். அதற்கான காரணம் சமயம் சார்ந்தது. விளைவோ சுகாதாரம் சார்ந்தது. ஒரு நீர்த்துறையை மாசுபடாமல் காப்பது என்ற பழக்கம் அதனால் நிலைத்தது. படகர் அட்டிகளும் ஊற்று அல்லது ஓடையை அருகில் வைத்தே அமைந்தன. வீடுகள் சரிவில் வரிசையாக நிற்கும். அவற்றுக்குக் கீழே மடிப்பில் நீர் இருக்கும். ராகியும் சாமையும் விளைந்த, கால்நடைகள் நிறைந்த அந்த நாட்களில் குடும்பங்கள் குறைவு. அந்த ஊற்று போதுமானதாக இருந்தது. தண்ணீரை மேட்டுக்குச் சுமந்து வரும் வேலை மட்டும் பெண்களுடையதாகவே இருந்தது. பழைய முறையைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மின் திட்டம்

நீலகிரியின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்தது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி நீர்வீழ்ச்சியில் ஒரு சிறு மின் நிலையம் அமைக்கப்பட்டது. அரசு கட்டிய முதல் பெரிய திட்டமான பைக்காரா 1932இல் உற்பத்தியைத் தொடங்கியது. கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகியதற்கு இந்த மின்சாரம் முக்கியமான காரணம். அடுத்து மோயாறு, அதன் பின் குந்தா.

குந்தா திட்டம் 1950களின் நடுவில், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியுடன் தொடங்கப்பட்டது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் அது. 1957இல் சென்னை மாநில மின்சார வாரியம் உருவானபோது பணிகள் நடந்துகொண்டிருந்தன. 1960இல் முதல் இரண்டு மின் நிலையங்களும், 1960களின் நடுவில் அடுத்த மூன்றும் இயங்கத் தொடங்கின. பார்சன்ஸ்வேலியில் உள்ள ஆறாவது நிலையம் மிகவும் பிந்தியது. ஆறு நிலையங்களின் மொத்தத் திறன் 585 மெகாவாட்.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் அளவைவிட அதன் அமைப்பில் உள்ளது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள மேல் பவானி அணையின் நீர், சுரங்கம் வழியாக அவலாஞ்சியில் உள்ள ஐந்தாவது மின் நிலையத்தில் சுழன்று, அவலாஞ்சி–எமரால்டு இரட்டை அணைகளில் சேர்கிறது. அங்கிருந்து குந்தாவில் உள்ள முதல் நிலையம் (60 மெகாவாட்). அதன் கீழே குந்தா பாலம் அணை. பிறகு கெத்தை நிலையம் (175 மெகாவாட்). பிறகு பரளி (180 மெகாவாட்). கடைசியாகப் பில்லூர் (100 மெகாவாட்). நிலையங்களின் எண்கள் நீர் ஓடும் வரிசையைக் காட்டுவதில்லை. அதனால்தான் ஐந்தாவது நிலையம் மேலேயும் முதல் நிலையம் அதன் கீழேயும் உள்ளன. மலையுச்சியில் பிடித்த ஒரு சொட்டு நீர் ஐந்து முறை வேலை செய்துவிட்டுத்தான் பவானி ஆற்றில் விழுகிறது. நிலக்கரி எரிந்தால் தீர்ந்துவிடும். இந்த நீர் ஐந்து முறை உழைத்த பிறகும் நீராகவே இருக்கிறது.

சமவெளிக்குக் கிடைத்தது

பில்லூரைத் தாண்டிய நீர் மேட்டுப்பாளையம் வழியாகப் பவானிசாகரை அடைகிறது. 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த அந்த அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் ஏறக்குறைய 200 கி.மீ. நீளம் ஓடி, 2,07,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருகிறது. ஈரோடு மாவட்டத்தின் மஞ்சளுக்கும் நெல்லுக்கும் பின்னால் மலைநீர் இருக்கிறது. வாய்க்கால் எட்டாத நிலங்களில் கிணறுதான் கதி. அந்தக் கிணறுகளில் கமலை இறைப்பு போய் மின்மோட்டார் வந்ததும் இதே மலையின் மின்சாரத்தால்தான். ஆக, குந்தா கொங்குநாட்டு உழவருக்கு இரண்டு வழியில் தண்ணீர் கொடுத்தது: ஒன்று வாய்க்காலில், மற்றொன்று கம்பியில்.

குடிநீரும் அப்படியே. கோயம்புத்தூர் நகரம் முதலில் சிறுவாணியை நம்பியிருந்தது. நகரம் வளர வளர அது போதாமல், 1990களின் நடுவிலிருந்து பில்லூர் நீரும் எடுக்கப்பட்டது. பின்னர் இரண்டாம், மூன்றாம் பில்லூர்த் திட்டங்களும் வந்தன. மலையிலேயே உதகமண்டலம் பார்சன்ஸ்வேலி அணையின் நீரைக் குடிக்கிறது. குன்னூருக்கும் எமரால்டு நீர் கொண்டுவரப்பட்டது. மின்சாரத்துக்கென்று கட்டப்பட்ட அணைகள் நகரங்களின் குடிநீர்த் தொட்டிகளாகவும் ஆகிவிட்டன.

பங்கீட்டுச் சிக்கலும் உண்டு. பவானி ஆறு நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் நுழைந்து, மீண்டும் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி. நீரில் 6 டி.எம்.சி. பவானிப் படுகையைச் சேர்ந்தது.

வண்டல்

அணைக்கு எதிரி வெள்ளத்தைவிட மண்தான். தோடர், படகர் மேய்ச்சல் நிலங்கள் உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களாக மாறியபோது, சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிக்கும் வழக்கம் பரவியது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்ற அச்சம் உழவருக்கு. அதனால் நீர் வேகமாக வடிய வேண்டும் என்று விரும்பினர். வேகமாக வடிந்த நீர் மேல்மண்ணையும் கொண்டுபோயிற்று. அது குந்தா பாலத்திலும் கெத்தையிலும் பில்லூரிலும் படிந்தது. 100 அடி உயரமுள்ள பில்லூர் அணையில் கணிசமான ஆழத்தை இன்று வண்டலே பிடித்துக்கொண்டிருக்கிறது. அணை விரைவில் நிரம்பி, விரைவில் திறக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மத்திய அரசு ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களின் நீர்ப்பிடிப்புகளில் மண்வளப் பாதுகாப்பைத் தொடங்கியபோது, குந்தாவும் அதில் சேர்க்கப்பட்டது. சரிவுகளில் படிமட்ட நிலங்கள் வெட்டப்பட்டன, ஓடைகளில் தடுப்பணைகள் கட்டப்பட்டன. பின்னாளில் தேயிலை பரவியது. நன்றாக மூடி வளர்ந்த தேயிலை, கிழங்குத் தோட்டத்தைவிட மண்ணைப் பிடித்து வைக்கும் என்பது உண்மை. ஆனால் தேயிலை ஈரநிலங்களையும் ஊற்றுக்கண்களையும் நெருங்கியபோது அதன் நன்மை குறைந்துபோனது.

ஊற்றும் கழிப்பறையும்

அணைகள் நிறைந்த வட்டத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு இருப்பது வெளியூரார்க்கு வியப்பாகத் தோன்றும். காரணம் எளியது. அணைகள் பள்ளத்தில் உள்ளன, ஊர்கள் மேட்டில் உள்ளன. கண்ணெதிரே தெரியும் நீரை மேலேற்ற மோட்டார், குழாய், மின்கட்டணம் எல்லாம் வேண்டும். ஊராட்சிகள் பெரும்பாலும் ஊற்றுகளையும் சிறு கிணறுகளையுமே நம்புகின்றன. கோடையில் ஊற்று சுருங்கினால் குடத்துடன் காத்திருக்கும் நேரம் நீள்கிறது. தேயிலை பறிக்கும் பெண்ணுக்கு அது கூலியிலும் இழப்பு, உடலிலும் இழப்பு.

துப்புரவின் பங்கு இங்குதான் வருகிறது. சமவெளியில் கழிவுக்குழி கசிந்தால் பக்கத்துக் கிணறு கெடும். மலையில் கசிந்தால் கீழே உள்ள ஊரின் ஊற்று கெடும். மேல்வரிசை வீட்டுக் குழியின் கழிவு, கீழ்வரிசை வீட்டின் குடிநீரில் சேர அதிக நாள் ஆகாது. எனவே மலையூரில் கழிப்பறை கட்டுவது பாதி வேலை. குழியை எங்கே தோண்டுவது, அது நிறைந்தால் யார் எடுப்பது என்பதுதான் மறுபாதி. 2014க்குப் பின் தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறைகள் பெருகியபோது, எண்ணிக்கைக்குக் கிடைத்த கவனம் இந்த மறுபாதிக்குக் கிடைக்கவில்லை.

தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளின் கதை இன்னும் பழையது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்குப் பாதுகாப்பான குடிநீரும், ஆண் பெண் இருபாலர்க்கும் தனித்தனிக் கழிப்பிடமும் தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. சட்டம் இருந்தும், ஒரு வரிசைக்கு ஒரு குழாய், பூட்டியோ உடைந்தோ கிடக்கும் கழிப்பிடம் என்ற நிலை பல தோட்டங்களில் நீடித்தது. தேயிலைச் செடிகளுக்கிடையே ஒதுங்குவது இங்கு மானத்தைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று. விடியற்காலையிலும் இருட்டிலும் காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் அதே செடிகளுக்கிடையே நடமாடுகின்றன.

நகரத்தின் கழிவு வேறு வழியில் போகிறது. பார்சன்ஸ்வேலியிலிருந்து உதகை குடிக்கும் நல்ல நீர், கோடப்பமந்து கால்வாயில் சாக்கடையாக மாறி, ஜான் சல்லிவன் 1820களில் அமைத்த ஏரியில் நெடுங்காலமாகக் கலந்துவந்தது. அந்த நீர் வடக்கே மோயாற்றுப் பக்கம் இறங்குகிறது. மோயாறும் பவானியும் சேருமிடம் பவானிசாகர். மோயாற்றுப் பக்கம் கழிவை விட்டாலும் பவானிப் பக்கம் விட்டாலும் அது கடைசியில் அதே அணைக்குத்தான் போகிறது. 2000களின் தொடக்கத்தில் நீலகிரி மாவட்ட நிர்வாகம் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை கொண்டுவந்தது. ஓடை அடைபடாமல் காக்க எடுத்த நடவடிக்கைகளில் ஓரளவு நிலைத்தது அதுதான்.

இப்போது

குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் ஒன்று உருவாகி வருகிறது. 125 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள். மேலே போர்த்திமந்து அணை, கீழே அவலாஞ்சி–எமரால்டு அணைகள். காற்றாலையும் சூரிய மின்சாரமும் மிகும் நேரத்தில் கீழணை நீரை மேலே ஏற்றி, தேவை மிகும் மாலை நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது இதன் முறை. ஆனைமலைப் பகுதியிலுள்ள காடம்பாறையில் இம்முறை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. புதிய மழைநீர் அதிகம் தேவையில்லை என்பது இதன் நன்மை. சரிவான மலையில் சுரங்கம் குடைவதும், வெட்டிய கல்லையும் மண்ணையும் எங்கே கொட்டுவது என்பதும் இதன் சிக்கல்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரி முழுவதும் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்ததை இம்மக்கள் மறக்கவில்லை.

அதே மலையின் சிற்றூர்களில் ஊராட்சி மோட்டார்கள் கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகின்றன. ஆடி மாதக் காற்றில் கற்பூர மரம் முறிந்து மின்கம்பியில் விழுந்தால் அந்த மோட்டார் நிற்கும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, குழாயில் தண்ணீர் வராத நாட்கள் அவை. அப்போது பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு, அட்டிக்குக் கீழே உள்ள பழைய ஊற்றுக்கு இறங்குகின்றனர்.