மனோன்மணியம் சுந்தரனார்: ஒரு பெயரின் வரலாறு

தூத்துக்குடியின் வ.உ.சிதம்பரம் கல்லூரி, காமராஜ் கல்லூரி, தூய மரியன்னை கல்லூரி ஆகியவற்றில் படித்துத் தேறும் பிள்ளைகளுக்குப் பட்டம் தருவது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பேச்சில் அது 'எம்.எஸ். யுனிவர்சிட்டி' ஆகிவிட்டது. அந்த இரண்டு எழுத்துக்குள் ஒரு நாடகமும் அதை எழுதியவரும் மறைந்துகிடக்கிறார்கள். ஒரு நூலின் பெயரைத் தலையில் தாங்கிய பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் வேறு இல்லை.

முதலில் நூல். 1891இல் பெ. சுந்தரம் பிள்ளை வெளியிட்ட கவிதை நாடகம் 'மனோன்மணீயம்'. அதன் தலைவி மனோன்மணி, பாண்டியன் சீவகனின் மகள். மனோன்மணி என்பது சைவத்தில் அம்மைக்கு வழங்கும் பெயர். மனத்தின் அலைச்சல் ஓய்ந்த நிலைக்கு யோக நூல்கள் இட்ட பெயரும் அதுவே. பாணினியின் நூல் பாணினீயம் ஆனதுபோல, மனோன்மணியின் கதை மனோன்மணீயம் ஆயிற்று. நூலின் பெயரில் 'ணீ' என்று நெடில். பல்கலைக்கழகத்தின் பெயரில் 'ணி' என்று குறில். தொல்காப்பியம் என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இந்தக் குறிலும் இயல்பாகவே வருகிறது.

கதைக்கரு லிட்டன் என்ற ஆங்கில எழுத்தாளருடையது. சுந்தரம் பிள்ளை அதைப் பொருநைக் கரையில் ஊன்றினார். நாடகத்தில் சீவகன் மதுரையை விட்டு வந்து நெல்வேலியில் கோட்டை எழுப்புகிறான். 1990 செப்டம்பர் 7இல் இந்தப் பல்கலைக்கழகம் உருவானதும் அதே வழியில்தான்: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கல்லூரிகள் பிரிந்து நெல்லையைத் தலைமையிடமாகக் கொண்டன. கொற்கையும் முத்துக்குளித்துறையும் பாண்டியருடையவை. அந்தக் கரையின் பிள்ளைகள் பெறும் பட்டத்தில் ஒரு பாண்டிய இளவரசியின் பெயர் நிற்பது பொருத்தம்.

இனி ஆசிரியர். சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். 1897இல், 42 வயதில் மறைந்தார். நெல்லைச் சீமையின் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் அவருடைய குரு. நாடகத்தில் அரசனுக்கு வழிகாட்டும் முனிவருக்கும் சுந்தரர் என்றே பெயர். நூலின் தொடக்கத்திலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதிதான் 1970 முதல் அரசு விழாக்களில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021இல் அது மாநிலப் பாடலாயிற்று.

சுந்தரம் பிள்ளை எப்படிச் சுந்தரனார் ஆனார்? 'அம்' என்ற ஈறு 'அன்' ஆகி, அதன்மேல் 'ஆர்' என்னும் உயர்வு விகுதி ஏறியது. நக்கீரனார், உருத்திரங்கண்ணனார் எனச் சங்கப் புலவர்களை அழைத்த மரபு இது. சாதிப் பட்டம் உதிர்ந்து, புலமைக்குரிய மதிப்பு அந்த இடத்தில் அமர்ந்தது.

தூத்துக்குடிக்கு இந்த மாற்றம் நன்கு தெரியும். கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளை இதே இலக்கணத்தில்தான் சிதம்பரனார் ஆனார். 1951இல் தொடங்கிய வ.உ.சி. கல்லூரி 'சிதம்பரம்' என்ற பழைய வடிவத்தை வைத்திருக்கிறது. 1986இல் மாவட்டம் பிறந்தபோது அதற்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர். 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அந்தப் பெயரும் போயிற்று. 2011இல் துறைமுகம் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் ஆயிற்று.

அபிஷேகப்பட்டியில் தலைமை வளாகம்; குமரிக் கடலோரம் இராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையம்; மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம். இப்படிக் கடலும் மலையும் ஆய்வுக்களமாக வாய்த்த பல்கலைக்கழகத்தின் பெயர் நாடகத்திலிருந்து வந்தது என்பதை அதன் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். தூத்துக்குடிக் கல்லூரிகள் முதலாண்டிலேயே 'மனோன்மணீய'த்தின் ஒரு களத்தையாவது வகுப்பில் வாசிக்க வையுங்கள். பட்டம் வாங்குவோரே, உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுருக்காமல் சொல்லுங்கள்.